இருபத்து நான்கு, மேலே இரண்டு

விசாரணையில் இருந்தவர்கள்:
நயீம் அகமது, தொழிற்சாலை மேலாளர்.
எபனேசர், எச்.ஆர்.
கேத்தரின், தோல் கிடங்குப் பொறுப்பாளர். குற்றம் சாட்டப்பட்டவர்.
நவீன்குமார், டேட்டா என்ட்ரி, பகல் ஷிஃப்ட்.
வசந்த், சிஸ்டம் ரூம், இரவு ஷிஃப்ட்.
சின்னசாமி, செக்யூரிட்டி. கதவுக்கு வெளியே.

விசாரணை மினிட்ஸை எபனேசர் லேப்டாப்பில் இப்படித்தான் அடிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது பெயர் நான். என் ஷிஃப்ட் விடியும்போதே முடிந்துவிட்டது. எக்ஸெல் ஷீட்டை டிவியில் போட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும், இருந்துவிட்டுப் போ என்றார்கள். காலேஜைப் பாதியில் விட்டவன் என்றாலும் எக்ஸெல் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் பத்து ஃபார்முலாவுக்கு மேல் தெரியாது. அந்தப் பத்தும் தெரியாதவர்கள் நடுவில் அது போதும்.

சாம்பிள் ரூமில் உட்கார்ந்திருந்தோம். சுவர் முழுக்க ஒற்றைக்கால் ஷூக்கள். எங்கள் ஷூக்களை வாங்க வரும் பையர் பார்க்க வைக்கும் சாம்பிளுக்கு ஜோடி தேவையில்லை. கேத்தரின் அக்கா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கிடங்குச் சாவியை அடையாள அட்டைக் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். பதினோரு வருடமாக அப்படித்தான். வந்து உட்கார்ந்ததும் எபனேசர் அதைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார். கயிற்றோடு அட்டையும் சேர்ந்து வந்தது. மேஜையில் அவருடைய போட்டோ மேலே பார்த்தபடி கிடந்தது.

விஷயம் இதுதான். பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் டேனரியிலிருந்து எங்களுக்கு மாட்டுத்தோல் வருகிறது. ஒவ்வொரு லாட்டோடும் ஒரு சீட்டு வரும். அதில் தோல் எத்தனை, மொத்தம் எத்தனை சதுர அடி என்று இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் அந்த மொத்தத்தையே எங்கள் கணக்கில் ஏற்றிவிடுவோம். மூன்று மாதத்துக்கு முன் புதிதாக வந்த பையர், ஒவ்வொரு தோலின் அளவும் தனித்தனியாகக் கணினியில் இருக்க வேண்டும் என்று கேட்டார். அதற்காகத்தான் நவீன்குமாரை வேலைக்கு எடுத்தார்கள். திருப்பத்தூர்க்காரன். தோல் வாசனையே அவனுக்குப் புதிது. கிடங்கில் ஒவ்வொரு தோலாகப் புரட்டி, பின்பக்கம் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து ஷீட்டில் அடிப்பது அவன் வேலை.

அன்றிலிருந்து எந்த லாட்டும் சரியாக வரவில்லை. டேனரி சொன்ன மொத்தத்தைவிட எங்கள் ஷீட்டின் மொத்தம் குறைந்தது. ஒரு லாட் தவறவில்லை. ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று. இவ்வளவு சீராகத் திருட ஓர் ஆளுக்கு ரொம்பக் கட்டுப்பாடு வேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. மூன்று மாதத்தில் ஆயிரத்து முன்னூறு சதுர அடிக்குமேல் காணவில்லை என்றது ஷீட். கிடங்குக்கு ஒரே சாவி. அது ஒருவர் கழுத்தில்.

"சம் போடு," என்றார் நயீம் சார்.

அளவு இருந்த பத்தியின் அடியில் SUM போட்டேன். டிவியில் எண் வந்தது. பக்கத்தில் டேனரி மொத்தத்தை அடித்து இரண்டையும் கழித்தேன். வித்தியாசம் சிவப்பில் நின்றது.

"பார்த்தீங்களா கேத்தரின். இத நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

"நான் எடுக்கல சார்."

"தோல் எத்தனை இருக்குதுன்னு பாரு வசந்த்."

COUNT போட்டேன். டேனரி அனுப்பிய எண்ணிக்கையும் எங்களிடம் வந்ததும் ஒன்றாக இருந்தன. ஒரு தோல்கூடக் குறையவில்லை.

இதோடு விசாரணை முடிந்துவிடும் என்று நினைத்தேன். எபனேசர்கூட விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். ஆனால் நயீம் சார் தலையாட்டிக்கொண்டார். அவர் எதிர்பார்த்தது அதுதான் போலிருந்தது.

"எண்ணிக்கை எப்படிக் கம்மியாகும். விவரமானவங்க எண்ணிக்கையில கை வைப்பாங்களா. பெரிய தோல எடுத்துட்டு சின்னத வச்சா எண்ணிக்கை அப்படியே இருக்கும். அடி மட்டும் கொறையும். ஆவரேஜ் போடு."

AVERAGE போட்டேன். ஒரு தோலின் சராசரி, டேனரியின் சராசரியைவிடச் சற்றே குறைவாக வந்தது.

"பாரு. மாத்தியிருக்காங்க."

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. SUM குறைகிறது, COUNT குறையவில்லை, AVERAGE குறைகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின. ஒரே பத்தியிலிருந்து பிறந்த மூன்று எண்கள் வேறு எப்படிச் சொல்லும்.

"சின்னத் தோலுக்கு நான் எங்க சார் போவேன்," என்றார் கேத்தரின் அக்கா. "என் வீட்ல என்னா மாடா உரிக்கிறாங்க?"

நவீன்குமார் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் எடுக்கல சார். கேட்டுப் பாருங்க, யாரையாவது கேட்டுப் பாருங்க. நான் எடுக்கல."

எபனேசர் எழுந்து அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே சர்ச். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அறை சிறியது, எல்லாருக்கும் கேட்டது.

"இங்க பாருங்கக்கா. ஒத்துக்கிட்டீங்கன்னா ராஜினாமான்னு எழுதி முடிச்சிடுவோம். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. இல்லன்னா ஸ்டேஷனுக்கு எழுதணும். ஜீப்பு நாட்றம்பள்ளிக்கு வரும், உங்க வீட்டு வாசல்ல நிக்கும். கிரேஸிக்கு எத்தனை ஓலை வாசிச்சிருக்காங்க?"

"ரெண்டு."

"மூணாவது?"

"வர்ற ஞாயிறு."

சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்பார்கள், அதுதான் ஓலை. இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஐயர் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, சபையைப் பார்ப்பார். கிரேஸி வேலூரில் நர்ஸ். அக்காவுக்கு ஒரே மகள். ஜீப் வந்து நின்ற வீட்டுக் கல்யாணத்துக்கு ஆட்சேபணை வரும் என்று எபனேசர் சொல்ல வேண்டியதில்லை.

கேத்தரின் அக்கா மேஜையில் கிடந்த தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி. நான்தான் எடுத்தேன்னு போட்டுக்குங்க."

"போட்டுக்குங்கன்னு சொல்லாதீங்க. எடுத்தேன்னு சொல்லுங்க."

"எடுத்தேன்."

எபனேசர் தன் இடத்துக்குப் போய் அதை அடித்தார்.

நயீம் சாருக்கு அது போதவில்லை. எந்தெந்தத் தோல் என்று மினிட்ஸில் வர வேண்டும் என்றார். பெரிய தோலிலிருந்து சின்னது வரைக்கும் அடுக்கு, எங்கே இடிக்குது பார்ப்போம் என்றார். அடுக்கினேன். ஏறக்குறைய ஆறாயிரம் தோல். 27.3, 27.1, 27.0, 26.3, 26.2. மெதுவாகக் கீழே உருட்டினேன். ராத்திரி முழுக்க விழித்த கண்ணுக்கு எண்கள் தறி ஓடுவது மாதிரி ஓடின. ஓடும்போதுதான் தெரிந்தது. புள்ளிக்குப் பின்னால் 3 வந்தது, 2 வந்தது, 1 வந்தது, 0 வந்தது. திரும்ப 3 வந்தது. 5 வரவில்லை. 8 வரவில்லை.

கண் எரிச்சலோ என்று சந்தேகம். பக்கத்துப் பத்தியில் அளவிலிருந்து அதன் INT-ஐக் கழித்தேன். INT ஓர் எண்ணின் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும். கழித்தால் வெட்டுப்பட்ட துண்டு மட்டும் மிஞ்சும். அந்தத் துண்டுகளில் பெரியது எது என்று MAX-ஐக் கேட்டேன்.

0.3.

ஆறாயிரம் தோலில் ஒன்றுகூட 0.4 இல்லை. மாடுகள் அப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வளர்வதில்லை.

"என்னா பண்ற நீ," என்றார் நயீம் சார். "அடுக்கத்தான சொன்னேன்."

"சார், கெடங்குலேர்ந்து ஒரு தோல் கொண்டாரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஒண்ணு பார்க்கணும் சார்."

எனக்குக் கேத்தரின் அக்கா மேல் தனியாகப் பரிவு ஒன்றும் இல்லை. ராத்திரி ஷிஃப்டில் அவரை நான் பார்ப்பதே அபூர்வம். ஒரு கணக்கு தப்பாக நிற்கும்போது சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் சொன்னால் பொய்யாகிவிடும்.

சின்னசாமி உள்ளே வந்து மேஜையிலிருந்த சாவியை எடுத்துப் போய் ஒரு தோலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கறுப்புத் தோல். மேஜைமேல் விரித்துப் புரட்டினார். பின்பக்கம், வாலோரத்தில், மார்க்கரில் 24 என்று இருந்தது. அதன் வலது தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி சின்னதாக ஒரு 2.

"இத வாசிங்க சார்."

நயீம் சாரின் அப்பாவும் தோல்தான், தாத்தாவும் தோல்தான். எழுத்துக் கற்பதற்கு முன்னால் அவர் இதை வாசித்திருப்பார். ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இருபத்தி நாலரை."

"ஷீட்ல 24.5ன்னு ஒரு தோலுகூட இல்ல சார். இது 24.2ன்னு இருக்குது."

தோல் வேலையில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். அளவில் மேலே ஏறியிருக்கும் சின்ன எண் கால் கணக்கு. 1 என்றால் கால் அடி, 2 என்றால் அரை, 3 என்றால் முக்கால். நாலு கால் சேர்ந்தால் ஓர் அடி, அதனால் 4 வரவே வராது. நவீன்குமார் அந்தச் சின்ன எண்ணைக் கீழே இறக்கிப் புள்ளி வைத்து அடித்திருந்தான். எக்ஸெலுக்குத் தோலும் தெரியாது, எங்கள் ஆம்பூரும் தெரியாது. 24.2 என்றால் அதற்குப் பத்தில் இரண்டு. அரை அடி இருந்த இடத்தில் கால் அடிகூட இல்லை. கால் அடி இருந்த இடத்தில் பத்தில் ஒன்று. ஒவ்வொரு தோலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எல்லாவற்றையும் SUM மிகச் சரியாகக் கூட்டிக் கொடுத்திருந்தது.

அறையில் நவீன்குமாரைத் தவிர அத்தனை பேரும் அந்தச் சின்ன எண்ணை வாசிக்கத் தெரிந்தவர்கள். சின்னசாமிக்குக்கூடத் தெரியும். அதே எண் புள்ளி வைத்துத் திரையில் வந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாக ராத்திரிகளில் அந்த ஷீட்டைத் திறந்து மூடிய எனக்கும்தான்.

புதுப் பத்தியில் ஃபார்முலா எழுதினேன். முழு எண் அப்படியே இருக்கட்டும், புள்ளிக்குப் பின்னால் மிஞ்சுவதை மட்டும் இரண்டரையால் பெருக்கு. 0.2 அரையாகும், 0.3 முக்காலாகும். =INT(C2)+(C2-INT(C2))*2.5. கடைசி வரி வரைக்கும் இழுத்தேன். அடியில் SUM.

டிவியில் சிவப்பு போய்விட்டது. லாட் லாட்டாகப் பார்த்தேன். எல்லாம் டேனரி மொத்தத்தோடு ஒட்டி வந்தன. ஒரே ஒரு லாட்டில் ஒன்றரை அடி கூடுதல். எங்கோ ஒரு தோலுக்கு நவீன்குமார் எண்ணை மாற்றி அடித்திருப்பான்.

"ஒன்றரை அடி ஜாஸ்தியா இருக்குது," என்றான் அவன் என் காதருகில். "அக்கா ஊட்லேர்ந்து கொண்டாந்து வச்சிட்டாங்க போல."

நான் சிரிக்கவில்லை. அடுத்து தன் பக்கம்தான் திரும்பும் என்று அவனுக்குத் தெரியும். திரும்பியது.

"டேய். யார்ரா உனக்குப் புள்ளி வச்சு அடிக்கச் சொன்னது?" என்றார் நயீம் சார். "தோலப் பத்தித் தெரியலன்னா கேக்க மாட்டியா? மூணு மாசமா எல்லாரையும் பேஜார் பண்ணி வச்சிருக்கே."

"கேட்டேன் சார்."

"யாரக் கேட்ட?"

நவீன்குமார் எபனேசரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"உங்களத்தான் சார். மொத நாளு. மேல இருக்கற நம்பர எப்படி சார் அடிக்கிறது, கீபோர்டுல வர மாட்டேங்குதேன்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க. புள்ளி வச்சுப் போட்டுட்டுப் போடான்னீங்க."

எபனேசர் எதையும் அடிக்கவில்லை. நயீம் சார் தோலின் ஓரத்தைப் பிடித்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு முன்னாலேயே போனஸ் போடுகிறவர். ஒரு நிமிடம் அவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன். முகம் அதற்கான வழியில் கொஞ்ச தூரம் போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

"அது சரி," என்றார். கேத்தரின் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். "ஒண்ணும் காணாமப் போகல. சந்தோஷம். ஆனா நீங்க எடுத்தேன்னு சொன்னீங்களே. அது என்னாது?"

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே எடுக்காதவங்க எதுக்கு எடுத்தேன்னு சொல்லணும்? நான் எடுக்கலன்னா செத்தாலும் சொல்ல மாட்டேன். நீ சொல்வியா எபனேசர்?"

எபனேசர் குனிந்துகொண்டே, "சொல்ல மாட்டேன் சார்," என்றார்.

"அப்போ வேற ஏதோ இருக்குது. இந்த ஷீட்ல இல்லாதது. லைனிங்கோ, பசையோ, எதுவோ. மனசுல இல்லாமலா வாயில வரும்?"

"எடுக்கலன்னு எத்தனையோ தடவ சொன்னேன் சார்," என்றார் கேத்தரின் அக்கா. குரல் உயரவில்லை. "அத அவர் அடிக்கல. எடுத்தேன்னு ஒரே தடவ சொன்னேன். அத அடிச்சிட்டாரு."

உண்மைதான். மினிட்ஸ் எபனேசரின் லேப்டாப்பில் திறந்தே இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. தலைப்பு, வந்தவர்கள் பெயர், குற்றச்சாட்டு, அதன் கீழே ஒரு வரி. எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

"அந்த வரிய எடுத்துடலாமே சார்," என்றேன்.

"சொன்னத எப்படிப்பா எடுக்கறது," என்றார் எபனேசர். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை. "சொன்னது சொன்னதுதான. வேணும்னா கீழ இன்னொரு வரி போடலாம். கணக்கு சரிபார்க்கப்பட்டது, குறைவு இல்லைன்னு."

எக்ஸெலில் ஒரு கட்டத்தைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் எல்லாக் கட்டமும் தானாக மாறும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். இந்த அறையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த எண்ணைத் திருத்திவிட்டேன். மேலே எதுவும் மாறவில்லை.

நயீம் சார் எழுந்து நடந்தார். முடிவு ஏற்கெனவே எடுத்ததுபோல வந்தது. கேத்தரின் வேலையில் தொடரலாம். ஸ்டேஷன் கிடையாது, ராஜினாமா கிடையாது. சர்ச்சுக்கு ஒரு வார்த்தை போகாது, அதற்கு எபனேசர் பொறுப்பு. ஆனால் சாவி இனி செக்யூரிட்டியிடம். காலையில் அவர் உள்ளே போனதும் வெளியே பூட்டு விழும். கட்டிங் செக்ஷனுக்குத் தோல் எடுக்கும்போதும், சாப்பாட்டுக்கும் திறக்கப்படும். போகும்போது பை சோதனை.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார். "நாளைக்கு வேற ஏதாவது கம்மியானா உங்க மேல ஒருத்தனும் கை நீட்ட முடியாது பாருங்க."

"ஃபயர் ஆடிட் வந்தா, சார்?" என்றார் எபனேசர். "ஆள உள்ள வச்சிப் பூட்டக் கூடாதுன்னு இருக்குது."

"வர்ற அன்னிக்குத் தெறந்து வை."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் எழுந்து போய்விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன் என்றால் அது என் வயதுக் கோளாறு. வேலையை விட்டுவிட்டுப் போனால், ஏன் விட்டாள் என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கேட்பார்கள். ஐயர் நிறுத்திச் சபையைப் பார்க்கும்போது யாராவது எழுந்து நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் செய்யாததைச் செய்தேன் என்றார். இப்போது அதே நிமிடத்துக்காக இதற்கும் தலையாட்டினார்.

"கட்டிங்குக்குக் கறுப்பு இருபது தோலு கேட்டிருந்தாங்க," என்றார். "நேரமாச்சி."

எபனேசர் அடையாள அட்டையைக் கயிற்றோடு நீட்டினார். சாவி அதில் இல்லை. அது சின்னசாமியின் இடுப்புக்குப் போயிருந்தது. அக்கா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எடை குறைந்ததாலோ என்னவோ அது மார்பில் நிற்காமல் திரும்பித் திரும்பி விழுந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

ஷீட்டைச் சேமித்தேன். பழைய பத்தியை அழிக்கவில்லை, மறைத்து மட்டும் வைத்தேன். நவீன்குமாரிடம் இனி 24.5 என்று அடி என்றேன். சரி அண்ணா என்றான். வேலை போகாதென்ற நிம்மதியில் என்ன சொன்னாலும் சரி என்றிருப்பான்.

வெளியே போகும் வழி கிடங்கைத் தாண்டித்தான். அக்கா எனக்கு முன்னால் நடந்தார், தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பையும் கையில். பின்னால் சின்னசாமி, விரித்த தோலைத் திரும்பச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு. கிடங்கு வாசலில் அக்கா நின்றார். பழக்கத்தில் கை கழுத்துக்குப் போய், அட்டையைத் தொட்டுவிட்டு இறங்கியது. சின்னசாமி திறந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சொன்னதச் செய்யறேன்."

"தோல அந்த ஓரமா வைங்க. மடிப்பு விழாம."

அவர் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எதுன்னா வேணும்னா தட்டுங்கக்கா. நான் இங்கதான் இருப்பேன்."

"லைட்ட மட்டும் போட்டுட்டுப் போங்க. சுவிட்சு வெளிய இருக்குது."

சின்னசாமி சுவிட்சைப் போட்டார். கதவைச் சாத்தினார். பூட்டை மாட்டி அழுத்தி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.